சீனி போடாத ஐஸ்பழம்

ஐஸ்பழத்துக்குச் சீனி தேவையே இல்லை, சேர். தோலில் கறுப்புப் புள்ளி விழுமளவுக்குப் பழுத்த கோலிக்குட்டு வாழைப்பழம் போதும். துண்டு துண்டாக நறுக்கி உறையவைத்து, கெட்டித் தயிரோடு சேர்த்து அடித்துப் பாருங்கள், கடை ஐஸ்கிறீம் கிட்டவும் வராது. எங்கள் மகள் தனுஜா கட்டாரிலிருந்து பிளெண்டர் கொண்டுவந்து கொடுத்த நாள் முதல் எங்கள் வீட்டுச் சமையலறையில் சீனி டின்னே கிடையாது. எல்லாம் என் கணவர் கிளைவுக்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவரைக் கவனிக்காமல் விட்டேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

கிளைவ் நானுஓயா ஸ்டேஷனில் வான் ஓட்டினார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை நுவரெலியாவுக்கு ஏற்றிப்போவார். சீனி வருத்தம் அவருக்குப் பல வருடமாக உண்டு. மாத்திரைக்கு அடங்காமல் இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்டது. தன் உடம்பில் தானே குத்திக்கொள்ள அவருக்குத் தைரியம் இல்லை, நான்தான் குத்திவிடுவேன். குத்திவிட்டு, ரொட்டியோடு ஒரு போத்தல் ஸ்மூதி கொடுத்தனுப்புவேன். மரத்தக்காளி, வாழைப்பழம், பேரீச்சம்பழம், தயிர், ருசிக்குக் கித்துள் பாணி. ராகலையிலிருந்து தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்து தரும், மரத்திலிருந்து இறக்கிக் காய்ச்சிய கலப்படமில்லாத பாணி. அதில் கொஞ்சத்தை யோகட் கப்பில் ஊற்றி உறையவைத்தால் மாலைக்கு ஐஸ்பழம்.

"பெற்றி, இத போட்டு வித்தா நம்ம வான் ஓட்ட வேண்டியதில்லடி," என்பார் சப்பிக்கொண்டே.

இப்படிச் சாப்பிடுகிற மனிதருக்குச் சீனி இறங்க வேண்டும் அல்லவா? ஏறிக்கொண்டே போனது. கிளினிக்கில் நர்ஸ் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வீட்டுல சீனி போடுறீங்களாம்மா?"

"ஒரு கரண்டிகூட இல்லங்க மிஸ்."

"அப்ப ஐயா வெளிய எங்கயோ ருசி பாக்குறாரு. விசாரிங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஊசி மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சிரிப்போடு நான் வீட்டுக்கு வந்தேன்.

வெளியே என்றால் எங்கே? ஸ்டேஷன் பக்கத்தில் மீனம்மா தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறாள். புருஷன் இல்லாதவள். ரயில் பிந்தினால் வான்காரர்கள் அங்கேதான் உட்காருவார்கள். ஒருநாள் மரக்கறி வாங்கப் போகிற சாக்கில் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றேன். கிளைவ் பெஞ்சில் இருந்தார். கையில் கிளாஸ். அவள் என்னவோ சொன்னாள், இவர் சிரித்தார். அவ்வளவு தூரத்தில் கிளாஸுக்குள் சீனி இருக்கிறதா என்று தெரியாது. ஆனால் சிரிப்பு நன்றாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வந்ததும் முதலில் வாயைத்தான் மோந்து பார்ப்பேன். சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பேன். வானைக் கழுவுகிறேன் என்று சொல்லிச் சீட்டுக்கு அடியில் தேடியபோது டொபி கிடைத்தது, ஒரு கைப்பிடி.

"மயக்கம் வந்தா போட்டுக்கத்தான்டி. கிளினிக்லதான் வச்சிக்கச் சொன்னாங்க," என்றார்.

பதில் தயாராக இருந்ததைக் கவனித்தேன். டொபியை எல்லாம் தேயிலைச் செடிகளுக்குள் வீசிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குற்றமில்லாதவர் என்றால் ஏதாவது சொல்லியிருப்பார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு அந்த மழை வந்தது. மண் சரிந்து ரயில் நின்றுபோனது. ஸ்டேஷனில் ஆள் இல்லை, கிளைவ் வீட்டோடு இருந்தார். எனக்கு அது நல்ல சந்தர்ப்பமாகப் பட்டது. வெளியில் சாப்பிடுகிற இனிப்பால்தான் சீனி ஏறுகிறது என்றால், வீட்டுக்குள் இருந்தால் இறங்க வேண்டும். இறங்கினால் அவர் பொய்யர். இறங்காவிட்டால் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்பதாக இருந்தேன். நியாயமான யோசனைதான், சேர். யார் கேட்டாலும் சொல்வார்கள்.

பரீட்சை என்றால் அதில் ஐயம் வரக் கூடாது. ஆகவே முதல்நாளே ஐஸ்பழத்தை வேறு மாதிரி செய்துவைத்தேன். வாழைப்பழம் இல்லை, பேரீச்சம்பழம் இல்லை, பாணி இல்லை. வெள்ளரிக்காய், வல்லாரை, தேசிக்காய்ச் சாறு, தயிர். மறுநாள் காலையில் மா முடிந்துவிட்டது என்று சொல்லி ரொட்டியும் சுடவில்லை. ஊசி மட்டும் கிளினிக்கில் கூட்டிக் கொடுத்த அதே அளவு. ஒரு துளி அதிகம் போடவில்லை. அதை டொக்டரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்.

வெளியே போகப் பார்த்தார். மழையைக் காட்டிக் கதவைத் தாழ் போட்டேன்.

மத்தியானம் ஆவதற்குள் அவருக்கு வியர்த்தது. அந்தக் குளிரில், சுவெட்டரைக் கழற்றியும் வியர்த்தது.

"பெற்றி, கை நடுங்குது. இனிப்பா ஏதாச்சும் தா."

ஐஸ்பழம் ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து நக்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இது இனிக்கலயே."

"வெளிய தின்னு பழகின வாய்க்கு அப்படித்தாங்க இருக்கும்," என்றேன்.

விரலைக் குத்திச் சீனி பார்க்கிற மெஷினில் பார்த்தேன். இறங்கியிருந்தது. அவர் சீனி அவ்வளவு கீழே போய் நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஆத்திரம் வரவில்லை, சேர். ஆறுதலாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் நான் வீணாகச் சந்தேகப்படவில்லை என்று தெரிந்துவிட்டது.

அலுமாரிக்கு மேலே குளுக்கோஸ் பக்கெட் ஒன்று இருந்தது. மயக்கம் வந்தால் உடனே கரைத்துக் கொடுக்க வேண்டும் என்று மிஸ் சொல்லி வாங்கி வைத்தது. அதை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மீனம்மா கடையில என்னா சாப்பிட்டீங்க? சொல்லுங்க, தாரேன்."

"பிளேன்டீ. சீனியில்லாம."

"அதுக்கு ஏன் இப்ப நடுங்குறீங்க?"

"தெரியல. குடுடி... கண்ணு இருட்டுது."

"ஒத்துக்கங்க. தாரேன்."

அவர் பேச்சு குழறத் தொடங்கியது. குடித்தவர் போல என் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னார். எழுந்து என் பக்கம் வரப் பார்த்து, மேசையோடு சேர்ந்து விழுந்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு யோகேஸ்வரன் கதவைத் தட்டினார். நான் உடனே திறக்கவில்லை. கிளைவ் ஏதோ சொல்ல வாயெடுக்கிற மாதிரி இருந்தது. அதைக் கேட்டுவிட்டுத் திறக்கலாம் என்று இருந்தேன். கடைசியில் யோகேஸ்வரன் தோளால் இடித்துத் தாழைப் பெயர்த்து உள்ளே வந்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலில் ஒருமுறை கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான்.

குளுக்கோஸ் பக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் விழுந்துவிட்டார் என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அது சரியல்ல. பக்கெட் என் மடியில் இருந்தது. வாயைக் கத்தரித்து, கரண்டியும் வைத்திருந்தேன். அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்கத்துக்கு மீனம்மா வந்தாள். மாதா கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்க கடையில ஒரு பனிஸ்கூடத் தொட்டதில்லீங்கக்கா. தேத்தண்ணியும் சீனியில்லாமத்தான் கேப்பாரு. எல்லாரும் தின்னுவாங்க, அண்ணன் மட்டும் நீங்க குடுத்த போத்தலத்தான் எடுத்துக் குடிப்பாரு. எங்க வீட்டுக்காரி செஞ்சதுன்னு எங்களுக்கெல்லாம் காட்டுவாரு," என்றாள். ஒருவர் தேத்தண்ணி எப்படிக் குடிப்பார், போத்தலை எப்படித் திறப்பார் என்பதெல்லாம் ஒரு கடைக்காரிக்கு ஏன் ஞாபகம் இருக்க வேண்டும்? அதையும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

கித்துள் பாணியும் சீனிதான், பேரீச்சம்பழமும் பழுத்த வாழைப்பழமும் சேர்ந்து நான்தான் அவர் சீனியை ஏற்றிக்கொண்டிருந்தேன், அன்றைக்கு அதை நிறுத்தியதும் ஊசி மருந்து ஆளைச் சாய்த்துவிட்டது என்று நேற்று டொக்டரைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தீர்கள். இருக்கலாம். அவர் படித்தவர். மரத்திலிருந்து வடிகிறதைச் சீனி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் நான் வாதாட மாட்டேன்.

அவர் சாகட்டும் என்று நினைத்தீர்களா என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இல்லை. கொடுக்காவிட்டால் செத்துப்போவார் என்று தெரியுமா என்று கேட்டிருந்தால், தெரியும். மிஸ் சொல்லித் தந்திருந்தார். தெரிந்துதான் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை. உண்மையோ பொய்யோ, அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கரைத்து வாயில் ஊற்றியிருப்பேன். கட்டின பெண்சாதிக்காக ஒரு பொய் சொல்லக்கூட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை, சேர்.