தேய்க்கக் கூடாத உலோகம்

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் ரெங்கம்மாள் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, நடவு முடித்த சேற்றுக் காலோடு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, விடுமுறையில் வந்திருக்கும் வெளிநாட்டு அண்ணன்மார்களே, மூன்றாவது வரிசையில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் அமர்ந்திருக்கும் என் அம்மா இருதயம்மாளே, வணக்கம்.

ஊரிலேயே முதன்முதலாக ஆராய்ச்சி படிக்கப் போன பெண் என்று பாராட்டக் கூப்பிட்டீர்கள். பாராட்டு வாங்கவா வந்தேன்? இல்லை. நாலு நாளாக வீட்டில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வந்தேன்.

அம்மாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. நாற்பது வருடம் குனிந்து குனிந்து நாற்று நட்ட இடுப்பு. நாளை காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் படுக்கைதான் என்கிறார் டாக்டர். பொருத்தப்போகும் டைட்டானியம் மூட்டின் மாதிரியை அம்மா கையில் கொடுத்தார். அம்மா தடவிப் பார்த்தார்.

"என்னங்க இது சொரசொரன்னு? தேய்க்காத சாமானயா ஒடம்புக்குள்ள வெப்பீங்க?"

சிரிக்காதீர்கள்! அன்றிலிருந்து ஆபரேஷனுக்கு வர மாட்டேன் என்கிறார். குவைத்திலிருந்து அண்ணன் அருள்பிரகாஷ் போன் போட்டு, "பளபளன்னு ஒண்ணு இங்க கெடைக்குதான்னு பாக்கவாம்மா?" என்கிறான். அதே உலோகத்தைத்தான் மகள் படிக்கிறாள். நேற்று வரை அவளை யார் கேட்டார்கள்?

ஆனால் அம்மாவை நான் எப்படிக் குறை சொல்வேன்? அதே தவறை நானே செய்தவள். ஆய்வகத்தில் முதல் வாரம். எட்டணாக் காசு அகலத்தில் பன்னிரண்டு டைட்டானியம் வில்லைகள். மங்கலாக, சாம்பல் பூத்தாற்போல் சொரசொரப்பாக இருந்தன. ஈஸ்டருக்கு முன்னால் எங்கள் வீட்டில் பாத்திரம் எப்படித் தேய்ப்போம்? முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அம்மா திரும்பவும் தொட்டியில் போடுவார். அந்த வீட்டுக் கையல்லவா இது! ஆறு வில்லைகளை முகம் தெரியத் தேய்த்து, பெருமையோடு பேராசிரியர் எல்சியிடம் நீட்டினேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பிரின்ஸி, அது அழுக்கு இல்லம்மா. மணலடிச்சு, அமிலத்துல முக்கி, வேணும்னே உண்டாக்குன மேடுபள்ளம்! சரி, போனது போச்சு. ரெண்டு வகையிலயும் செல்லை விட்டுப் பாரு."

விட்டேன். எலும்பைக் கட்டும் செல்கள் அவை. வழவழப்பில் விழுந்தவை தட்டையாகப் படர்ந்தன. பெருகின, பெருகின, பெருகிக்கொண்டே இருந்தன. சொரசொரப்பில் விழுந்தவை எண்ணிக்கையில் குறைவு. தலைமுடிப் பருமனில் முப்பதில் ஒரு பங்கு ஆழப் பள்ளங்களில் விரல் நுழைத்ததுபோல் பற்றிக்கொண்டு, திரண்டு நின்றன. என் தேய்ப்புதான் வென்றதோ என்று நினைத்தேன். மூன்றாம் வாரம், எலும்பின் சுண்ணாம்பைக் கண்டால் சிவக்கும் சாயத்தை ஊற்றினோம். பெருகிய கூட்டம் வெளுத்தே கிடந்தது. குறைந்த கூட்டம் செக்கச்செவேல் என்று சிவந்தது!

யாரது, முன்வரிசையில்? "பயிரு ரொம்பத் தழைச்சா கதிரு வராதுல்ல!" அம்சம் அத்தையா? அத்தை, மூன்று வாரம் நான் நுண்ணோக்கியில் பார்த்ததை வரப்பில் நின்றே சொல்லிவிட்டீர்கள்!

"நிச்சயமா எலும்பு புடிச்சுக்குமாடி?" என்று அம்மா நேற்றுக் கேட்டார். நான் எழுந்து போய்விட்டேன். அது என் குற்றம். இப்போது பதில் சொல்கிறேன், அம்மா. நான் பார்த்தது வில்லையில். உங்கள் உடம்பில் அல்ல. பெரும்பாலானவர்களுக்குப் பிடித்துக்கொண்டது என்கிறார் டாக்டர். சிலருக்குப் பிடிக்காமலும் போயிருக்கிறது. எனக்கும் பயம்தான். ஆனால் பற்ற இடமில்லாத பளபளப்பில் எலும்பு எதைப் பற்றும்? பற்ற இடமிருந்தால்தானே பற்று வரும்? அந்தச் சொரசொரப்பு அலட்சியமல்ல அம்மா. உங்கள் எலும்புக்காக யாரோ பார்த்துப் பார்த்துச் செய்தது. பயந்துகொண்டேதான் வாருங்கள். நானும் பயந்துகொண்டேதான் வருகிறேன்.

என்னம்மா? சொல்லுங்கள், கேட்கிறது.

"ஊரக் கூட்டி வெச்சா சொல்லுவ? வர்றேன். உள்ள வெக்கிறதுக்கு முன்னாடி எவளும் அதத் தேய்ச்சுப்புடாமப் பாத்துக்க. ஒன்னய மாதிரி ஒருத்தி அங்கயும் இருப்பா!"

பார்த்துக்கொள்கிறேன், அம்மா.

கை தட்டியவர்களுக்கும் கண் துடைத்தவர்களுக்கும், பேசவே வராத எனக்கு மைக் தந்த தலைவர் அவர்களுக்கும் நன்றி. நாளைக் காலை ஏழு மணிக்கு எங்கள் ஆட்டோ உங்கள் தெரு வழியாகத்தான் போகும். வாசலில் நின்று ஒரு கை காட்டுங்கள். வணக்கம்.