ஒன்பது வோன் குறுஞ்செய்தியும் பதினேழாம் எண் பேருந்தும்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் குடியிருப்பு மன்றத் தலைவர் ஹ்வாங்போ அவர்களே! அவருக்கு வலப்பக்கம், கனத்த கோப்புகளோடு வந்து கனத்த முகத்தோடு வீற்றிருக்கும் நகரப் போக்குவரத்துத் துறை அதிகாரிகளே! சோங்தோல் சபையின் மூப்பர்களே! மேட்டிலே குடியேறி, மேட்டிலே மூச்சிரைத்து, ஆனாலும் இந்த மேட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காத என் தாய்மார்களே! உட்கார இடமில்லாமல் செருப்பு அலமாரி ஓரமாக நிற்கும் அண்ணன்மார்களே! நம் எல்லோரையும் இன்று ஒரே கூரையின் கீழ் கூட்டிவைத்த கர்த்தருக்கு முதல் வணக்கம். அடுத்த வணக்கம் உங்களுக்கு.

என் பெயர் பியோன் ஒக்ரான். அப்படிச் சொன்னால் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கு நான் தோயூன் அம்மா. மேடை ஏறிப் பழக்கமில்லாதவள். தாளில் எழுதி வந்திருக்கிறேன். தாளை மீறிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

பதினேழாம் எண் பேருந்தை நிறுத்தப் போகிறோம் என்று நகர அலுவலகம் அறிவித்தது. எங்கே அறிவித்தது? நம் நிறுத்தத்தில் ஒட்டியதா? நம் வாசலில் போட்டதா? நம் வானொலியில் சொன்னதா? இல்லை. பதினெட்டு நாள் கழித்து, மருந்துக் கடையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு, நானே அலுவலகச் சன்னலுக்குப் போனேன்.

"எதிர்ப்பு ஒண்ணும் வரலையேம்மா" என்றார் அங்கிருந்தவர்.

"எங்க அறிவிச்சீங்க?"

"எங்க செயலியில போட்டோமே."

"எத்தனை பேர் பாத்தாங்க?"

கணினியைத் தட்டிப் பார்த்தார். "பதினோரு பேர்."

"யாருங்க அந்தப் பதினோரு பேர்?"

நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "அதுல நாலு பேரு எங்க ஆபீஸ் ஆளுங்கம்மா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அந்த ஏழு பேரின் மௌனம்தான் எழுநூறு வீட்டின் சம்மதம் என்று எழுதப்பட்டிருக்கிறது!

அந்தப் பேருந்து யாருக்கு? எல்லோருக்கும்தான். ஆனால் இன்று நான் ஒரே ஒருவருக்காகப் பேசுகிறேன். மா போக்சுன் அக்கா. இருபத்தாறு வருடம் மீன் சந்தையில் கணவாய் உலர்த்தியவர். இப்போது இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் மருத்துவமனையில் ஊசி குத்தி, நான்கு மணி நேரம் இரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார். திரும்பும்போது கால் துவண்டுவிடும். நம் மேட்டுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு படி. அந்தப் படிகளில் அவரை ஏறச் சொல்கிறீர்களா? "செயலியில் வாடகைக் கார் கூப்பிடலாம்" என்று உங்கள் கடிதம் சொல்கிறது. எந்தச் செயலியில்? அக்காவிடம் இருப்பது மடக்குக் கைப்பேசி. திறந்தால் பேசலாம், மூடினால் முடிந்தது. வேறொன்றும் தெரியாது அதற்கு.

ஆனால் ஒன்று தெரியும். குறுஞ்செய்தி படிக்கத் தெரியும்.

விதி என்ன? முப்பது நாளுக்குள் இருநூறு பேர் அடையாள அட்டை காட்டி, கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை குத்தி எதிர்த்தால் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். இல்லையென்றால் ஆணை தானாக நடைமுறைக்கு வரும். மீதி இருந்தது பன்னிரண்டு நாள். என் கையில் இருந்தது ஒரு பட்டியல். வருடாவருடம் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளுக்கு ஆள் கூப்பிட, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் கையாலேயே எழுதித் தந்த இருநூற்று அறுபது கைப்பேசி எண்கள். அந்த எண்களுக்கெல்லாம் "முட்டைக்கோஸ் வந்துவிட்டது, உப்பு போட வாருங்கள்" என்று நான் வழக்கமாக அனுப்புவது ஓர் இணையதளத்திலிருந்து. எண்களை ஒட்டி, செய்தியைத் தட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நாற்பத்தைந்து எழுத்துக்குள் இருந்தால் ஒரு செய்திக்கு ஒன்பது வோன். ஓர் எழுத்து கூடினாலும் நெடுஞ்செய்தி ஆகிவிடும், இருபத்தேழு வோன்.

இங்கேதான் உங்கள் தோயூன் அம்மா தவறு செய்தாள். மறைக்க மாட்டேன். சபைப் பணம்தானே, சிக்கனமாக இருப்போம் என்று நாற்பத்தைந்துக்குள் அடக்கப் பார்த்தேன். முதலில் வணக்கத்தை வெட்டினேன். பிறகு சபையின் பெயரை வெட்டினேன். பிறகு என் பெயரை வெட்டினேன். கடைசியில் பேருந்தையே வெட்டிவிட்டேன்! மிஞ்சியது இதுதான்: "அடையாள அட்டை, முத்திரையோடு நாளை 10 மணிக்குக் கட்டாயம் வரவும். தவறினால் வாய்ப்பு போய்விடும். சபைக் கூடம்."

தாய்மார்களே, இந்த நாட்டில் முத்திரையும் அடையாள அட்டையும் கேட்டு முகம் தெரியாத செய்தி வந்தால் நாம் என்ன நினைப்போம்? மோசடிக்காரன் என்று நினைப்போம். நீங்களும் நினைத்தீர்கள். மறுநாள் பத்து மணிக்குக் கூடத்துக்கு வந்தவர்கள் நான்கே பேர். அதில் இரண்டு பேர் காவல்துறை!

"யாரும்மா இந்த எண்ணுக்குச் சொந்தக்காரங்க?"

"நான்தாங்க."

"வயசானவங்க முத்திரையை வாங்கி என்ன பண்ணப் போறீங்க?"

"பஸ்ஸ நிறுத்தப் போறாங்க, அதை நிறுத்தப் போறேங்க."

அவர்களுக்குப் புரியவே கால் மணி நேரம் ஆனது. அதற்குள் என் எண்ணை இணையதளம் முடக்கிவிட்டது. புகார் கொடுத்த புண்ணியவதி யார் தெரியுமா? முன்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறாரே, நூடுல்ஸ் கடை கில் மால்ஜா அக்கா! அன்று மாலையே அவர் கடையில் போய் நின்றேன்.

"அடிப்பாவி, நீயா அது? உன்னையா நான் புடிச்சுக் குடுத்தேன்?"

"என்னையேதான் அக்கா."

"பேரப் போட்டா குறைஞ்சா போயிடுவ? கிம்ச்சிக்கு உப்பை மட்டும் அள்ளி அள்ளிக் கொட்டுற, எழுத்துக்கு மட்டும் இப்படியா கஞ்சத்தனம்?"

அந்தத் திட்டு, சபையில் கேட்ட பல பிரசங்கங்களைவிட எனக்குப் பயன்பட்டது. முடக்கத்தை நீக்க மூன்று நாள் ஓடிப்போனது. கையில் எட்டு நாள். மறுபடி உட்கார்ந்தேன். அந்தத் தளத்தில் இன்னொரு வசதி உண்டு. ஒரே செய்தி, ஆனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரோடு போகும். இந்த முறை எழுத்தை எண்ணவில்லை. வாயில் வந்ததை அப்படியே தட்டினேன்:

"மால்ஜா அக்கா, நான் தோயூன் அம்மா. கிம்ச்சி நாள்ல உப்பு போடுறவ. போன தடவ வந்த செய்தியும் நான் அனுப்புனதுதான், மன்னிச்சுக்குங்க. பதினேழாம் நம்பர் பஸ்ஸ நிறுத்தப் போறாங்க. நம்ம போக்சுன் அக்கா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவாங்க? அடையாள அட்டை, முத்திரையோட சபைக் கூடத்துக்கு வாங்க. சந்தேகம் இருந்தா போன் போட்டு என்னைத் திட்டுங்க."

திட்டினீர்கள்! நாற்பத்தொரு பேர் போன் போட்டுத் திட்டினீர்கள்! திட்டிய வாயோடு திரண்டு வந்தீர்கள்! குடை பிடித்து வந்தீர்கள், கோல் ஊன்றி வந்தீர்கள், கடையை அடைத்துவிட்டு வந்தீர்கள். சிவப்பு மை காயக் காயக் குத்திய முத்திரைகள் எத்தனை? இருநூற்றுப் பதினான்கு! இதற்கு ஆன செலவு ஏழாயிரத்து இருபது வோன். மால்ஜா அக்கா கடையில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் எட்டாயிரம்.

அந்த முத்திரைத் தாள்களை நீட்டியபோது, இதோ இந்த மேடையில் இருக்கும் அதிகாரி ஒருவர் கேட்டார், "குறுஞ்செய்தியெல்லாம் இந்தக் காலத்துல யாருங்க படிக்கிறாங்க?"

ஐயா, யார் படிக்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள்! இந்தக் கூடம் படிக்கிறது. செயலியை இறக்கத் தெரியாத விரல் படிக்கிறது. மீன் செதில் ஒட்டிய விரல் படிக்கிறது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறது! எங்களுக்குப் புதுமை மீது பகை இல்லை. நானும் இணையத்தில்தான் அனுப்பினேன். உங்கள் செயலி எங்களைத் தேடி வரவில்லை. என் செய்தி தேடிப் போனது. வித்தியாசம் கருவியிலா இருக்கிறது? தேட வேண்டும் என்ற மனதில் அல்லவா இருக்கிறது! எழுநூறு வீட்டைத் தேட ஒரு தடவைக்கு இருபதாயிரம் வோன்கூட ஆகாது. பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். மனம் இல்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்!

இன்னொன்றும் கேட்கிறேன். இந்தப் பொதுக்கூட்டத்தை ஏன் செவ்வாய்க்கிழமை காலையில் வைத்தீர்கள்? போக்சுன் அக்கா வர முடியாத நாள் இது. யாருக்காகக் கூடியிருக்கிறோமோ, அவர் இப்போது மருத்துவமனைக் கட்டிலில் ஒரு கையை நீட்டிப் படுத்திருக்கிறார். மற்றொரு கையில் மடக்குக் கைப்பேசி திறந்தபடி இருக்கிறது. என்ன முடிவு என்று காத்திருக்கிறார்.

என்ன சொன்னீர்கள் தலைவரே? "பரிசீலிப்போம்" என்று அக்காவுக்குச் செய்தி போடச் சொல்கிறீர்களா? மன்னியுங்கள். படிக்கட்டில் நிற்கும் ஒருத்திக்கு அந்தச் சொல் கைப்பிடி ஆகாது. அதை நான் அனுப்ப மாட்டேன்.

அனுப்ப வேண்டியதைக் காலை ஜெபம் முடித்ததும் தட்டிவிட்டேன். பதினொரு மணிக்குத் தானாகப் போகும்படி நேரம் குறித்து வைத்தேன். மணியைப் பாருங்கள், இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்தலாம். நிறுத்தவா? சத்தமாகச் சொல்லுங்கள், தாய்மார்களே, நிறுத்தவா?

கேட்டதா அதிகாரிகளே? நிறுத்தவில்லை.

அதோ, ஒரு கைப்பேசி ஒலிக்கிறது. அங்கே இன்னொன்று. பின்னால் பத்து. எல்லாம் ஒலிக்கட்டும்! யாரும் அணைக்காதீர்கள், எடுத்துப் படியுங்கள். போக்சுன் அக்காவும் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்:

"அக்கா, நாங்க விட்டுக்கொடுக்கல. வியாழக்கிழமை காலையில எப்பவும் நிக்குற நிறுத்தத்துலயே நில்லுங்க. நாங்களும் நிக்கிறோம்."

ஐயா, அவர் வந்து நிற்பார். அவரோடு நாங்கள் இருநூற்றுப் பதினான்கு பேரும் நிற்போம். அந்த நிறுத்தத்துக்குப் பேருந்து வருவதும் வராததும் உங்கள் பேனாவில் இருக்கிறது. வராவிட்டால், அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நடப்போம், உங்கள் அலுவலக வாசல் வழியாக, வாரம் மூன்று நாள், நீங்கள் சன்னலை மூடினாலும்!

நேரம் தந்த தலைவருக்கு நன்றி. புகார் கொடுத்தும் துணைக்கு வந்த மால்ஜா அக்காவுக்கு நன்றி. திட்டிக்கொண்டே வந்த அத்தனை பேருக்கும் நன்றி. வியாழக்கிழமை காலை எட்டு இருபதுக்கு நிறுத்தத்தில் சந்திப்போம். அதுவரை கர்த்தர் உங்கள் கால்களைக் காக்கட்டும். வணக்கம்!