யூதரைக் கேட்டுட்டு வா

– அதுக்கு உங்க நைனா மீன் முள்ளயே முழுங்கிட்டாரா?

– முழுங்கிட்டாருடா உவைஸு. சங்கரா முள்ளு. ரூத்து போன்ல அந்தப் பதிலப் படிச்சிகினு கீது, இவரு வாயில சோத்த வெச்சிகினு அப்படியே நிக்கிறாரு. எங்கம்மா முதுவுல தட்டிகினே கீது.

– இரு மச்சான். துபாய்லேர்ந்து நேத்துதான் எறங்குனேன், எனக்கு இன்னா தெரியும்? பிரசவ வார்டு வாசல்ல இப்டி குறுக்கும் நெடுக்கும் நடக்காத. உக்காரு. டீயக் குடி. மொதல்லேர்ந்து சொல்லு.

– எங்க உக்கார்றது? ரூத்த காலைல உள்ள கூட்டினு போனாங்க. அம்மா கூட கீது. நைனா, தோ வந்துட்றேன்னு கெளம்புனவரு இன்னும் ஆளக் காணோம். போனும் எடுக்கல.

– வருவாரு. கம்பெனி பஸ்ஸு ஓட்டுனவரு, மாமல்லபுரம் வூட்டுக்கும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கும் வழி தெரியாதா? நீ கதைய சொல்லு ஸ்டான்லி, மனசுக்கு லேசா இருக்கும்.

– சொல்றேன் கேளு. ரூத்து மாசமா இருக்குதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே நைனா சர்ச்சுல எல்லார் கையிலயும் சொல்லிட்டாரு, பேரன் பொறந்தா மோசஸு, நான் சீனியரு, அவன் ஜூனியருன்னு.

– நல்ல பேருதான? எங்க பெரியப்பா பேரும் அதான், நாங்க மூஸான்னுவோம்.

– ரூத்து ஒத்துக்கணுமே. மாமா, உங்க பேர நான் வாயால சொன்னதே கெடையாது, புள்ளைக்கு அந்தப் பேர வெச்சா நாளைக்கு எப்படிக் கூப்பிடுவேன், டேய் மோசஸு, ஜட்டி போட்றான்னு நான் கத்துனா நீங்க தாங்குவீங்களான்னு கேட்டுது.

– யம்மாடி. நாயம்தான் மச்சான். எனக்கு எங்க தாத்தா பேரத்தான வெச்சாங்க? இந்நாள் வரிக்கும் எங்கம்மா வாய்லேர்ந்து உவைஸுன்னு வந்தது இல்ல. தம்பி, ராஜா, சனியனே, இவ்ளோதான்.

– அதத்தான் ரூத்தும் சொல்லிச்சு. இவரு வுடல. வேதத்துல வர்ற மோசே பேரும்மா இதுன்னாரு. அது ஒடனே பைபிள்ல லூக்காவ எடுத்துச்சு. சகரியா புள்ளைக்கு அப்பன் பேரையே வெக்கப் போனாங்க, புள்ளயோட அம்மா எலிசபெத்து நின்னு, அப்படியல்ல, யோவான்னு சொல்லலியா மாமான்னு மடக்கிடுச்சு.

– ஷோக்கு. அதுக்கு அவரு?

– அங்க தேவதூதன் வந்து சொன்னான், உனக்கு எந்தத் தூதன் வந்தான்னாரு. அப்பால ரோஷத்துல ஒரு வார்த்த வுட்டாரு பாரு, அதுதான் பேஜாரு. மோசே யாரோட ஆளு? யூதரோட ஆளு. போய் யூதரையே கேட்டுட்டு வா. அவங்க வேணாம்னு சொன்னா நான் வாயத் தொறக்கலன்னாரு.

– நம்ம பக்கம் கோவளத்துல தர்கா கீது, சர்ச்சு கீது, கோயில் கீது. யூதருக்கு எங்க போறது?

– போனுக்குள்ள கீறாங்கடா. யூத மதத்தப் பத்தி யாரு வேணா கேள்வி கேக்கலாம், தெரிஞ்சவங்க பதில் போடுவாங்க. நல்ல பதிலுக்கு மத்தவங்க மார்க்கு போடுவாங்க, புடிக்கலன்னா மைனஸு. அப்படி ஒரு எடம். ரூத்து ஓட்டல் ரிசப்ஷன்ல இங்கிலீஷுல பொளந்து கட்றதுதான? ஒக்காந்து அழகா எழுதிடுச்சு. தாத்தா உயிரோட இருக்கும்போது பேரனுக்கு அவர் பேர வெக்கிறது உங்கள்ல வழக்கமான்னு.

– பதில் வந்துதா?

– மறுநாளே. எவரோ ஒரு பெரியவரு. ஐரோப்பாப் பக்கம் இருந்து வந்த யூதருங்க உயிரோட கீறவங்க பேர வெக்கவே மாட்டாங்களாம். எறந்தவங்க நெனப்பாத்தான் வெப்பாங்களாம். உயிரோட இருக்கும்போது வெச்சா, சாவு தூதன் வந்து பேரப் பாத்துட்டு ஆள மாத்தித் தூக்கினு போயிடுவான்னு அந்தக் காலத்துல சில பேருக்கு பயமாம்.

– அங்கதான் முள்ளா?

– அங்கதான் முள்ளு. தண்ணி குடிச்சி, வாழப்பழம் முழுங்கி, ஒரு வழியா எறங்குச்சு. ரூத்து ஜெயிச்சிட்டோம்னு பாயசம் வெச்சிது. அந்தப் பாயசம் ஆறல, ரெண்டாவது பதில் வந்துடுச்சு.

– அது இன்னா சொல்லுது?

– அப்டியே திருப்பிப் போட்டுச்சு. ஸ்பெயின் பக்கத்துலேர்ந்து வந்த வம்சத்துல உயிரோட கீற தாத்தா பேரத்தான் வெப்பாங்களாம். அது அவருக்குப் பெரிய மரியாதையாம். எழுதுனவருக்கே தாத்தா பேருதானாம். நைனா எழுந்து நின்னாரு. இன்னியிலேர்ந்து நான் இந்தக் கட்சின்னு சொல்லி, பாயசத்த அவரே ரெண்டு கிண்ணம் குடிச்சாரு.

– டேய், சிரிக்க வெக்காத. நர்ஸம்மா மொறைக்குது.

– அத்தோட முடிஞ்சிதான்னு கேளு. போன தடவ வந்தப்ப நைனாவுக்கு நீ வித்தியே அந்த போனு, தமிழ்ல எழுதுனா இங்கிலீஷா மாத்திக் குடுக்குமே, அதுல இவரும் சேந்துட்டாரு. பேரு இன்னா தெரியுமா? மோசஸ் ஆஃப் செங்கல்பட்டு.

– அய்யய்யோ. பாவம் நானு. கண்ணாடி கவர் சும்மா குடுத்தேன்.

– காலைல நாஸ்தாவுக்கு முன்னால ஒரு கேள்வி, சாயங்காலம் ஒரு கேள்வி. நல்ல கேள்வியும் கேட்டாரு, அதச் சொல்லணும். யூதருங்க சனிக்கெழம ஓய்வுநாள்ல பஸ்ஸு ஓட்டக் கூடாதே, அப்போ டிரைவரு இன்னா செய்வாருன்னு கேட்டாரு. அதுக்கு எவ்ளோ பேரு பதில் எழுதுனாங்க தெரியுமா? ஆனா ஒண்ணு எழுதுனாரு பாரு. மோசே தன் மாமனார் எத்திரோ சொன்ன புத்தியக் கேட்டாரே, அப்போ மருமவ மாமனார் பேச்சக் கேக்கணும்னு சட்டம் உண்டான்னு.

– அதுக்கு?

– மூடிட்டாங்க. கேள்வியவே பூட்டு போட்டு மூடிட்டாங்க. ஐயா, இது யூத மதத்தப் பத்தின கேள்வி இல்ல, உங்க மருமவளப் பத்தின கேள்வின்னு கீழ எழுதி வெச்சிட்டாங்க.

– உலகத்துக்கே தெரிஞ்சிபோச்சா?

– தெரிஞ்சிபோச்சி. ஏன்னா ரூத்து அதுக்குக் கீழ, நன்றின்னு எழுதிடுச்சு. அப்பால பாரு, வூட்ல ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்த கெடையாது. எல்லாம் அதுலதான். இவரு கேள்வி போட்டா அது மைனஸ் போடும். அது கேள்வி போட்டா இவரு மைனஸ். ஒரு நாளு நான் மறைமலைநகர்ல ஷிப்ட்டுல கீறேன், பாக்குறேன், யூதருங்க பண்டிக ரொட்டியப் பத்தி எல்லாம் பேசிகினு கீறாங்க, நடுவுல நைனா எழுதுறாரு, இன்னிக்கி சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு.

– சத்தியமா?

– சத்தியமா. அவங்க அத அழிச்சாங்க. ஆனா கோவப்படல உவைஸு. நீங்க யூதரா, அந்தப் பக்கம் யூதருங்க கீறாங்களான்னு ஒருத்தரு கேட்டாரு. இல்ல சார், நாங்க கிறிஸ்தவங்க, வூட்டுப் பஞ்சாயத்து தீரணும், அதான் வந்தோம்னு நைனா எழுதுனாரு. வாங்க, உக்காருங்க, கேளுங்கன்னு சொன்னாங்க.

– நல்ல ஜனம். அப்போ பேரு முடிவாச்சா இல்லியா?

– அங்கதான் வேற மாதிரி ஆயிடுச்சு. ஹன்னான்னு ஒரு வயசான அம்மா. ரூத்தோட கேள்விக்குக் கீழ ஒரே ஒரு வரி எழுதுனாங்க. உன் மாமனார் பக்கம் எல்லாம் சொன்ன கண்ணு, உன் பக்கத்துல செத்துப்போனவங்க யாரு, எங்க வூட்ல பேரு வெக்கணும்னா மொதல்ல அதத்தான் கேப்போம்னு.

– ரூத்து இன்னா சொல்லிச்சு?

– போன மூடி வெச்சிட்டு பீரோகிட்ட போச்சு. அதுக்கப்பறம் அந்தக் கேள்வி பதில் பக்கம் போவவேயில்ல. ரூத்தோட அம்மாவ உனக்குத் தெரியாதுல்ல? சந்திரம்மா. நாத்து நட்டு, கள எடுத்து இத காலேஜு வரிக்கும் படிக்க வெச்சவங்க. எங்க கல்யாணத்துக்கு முன்னாலயே போயிட்டாங்க.

– பீரோவுல இன்னா?

– அவங்க போட்டோ. நெத்தி நெறய குங்குமம் வெச்ச போட்டோ. ரூத்துதான் சர்ச்சுக்கு வந்துச்சு, அவங்க கடைசி வரிக்கும் கோயிலுக்குப் போனவங்க. கல்யாணம் ஆன புதுசுல ரூத்து அத ஹால்ல மாட்டலாமான்னு கேட்டுது. சிலுவ மாட்டுன சுவத்துல குங்கும போட்டோவான்னு நைனா ஒரு வார்த்த கேட்டுட்டாரு. அன்னியிலேர்ந்து அது பொடவைக்கு அடியில கீது. அதுவும் கேக்கல, நானும் கேக்கல. ஹன்னாம்மா எழுதுன அன்னிக்கி பீரோக் கதவுக்குப் பின்னால நின்னு அழுதுது. நைனா பாத்தாரு. பாத்துட்டு, சட்டையப் போட்டுகினு கடக்கரப் பக்கம் நடந்து போயிட்டாரு.

– நீ கேட்டிருக்கணும் மச்சான்.

– கேட்டிருக்கணும்.

– டேய் ஸ்டான்லி. கதவு தொறக்குது, நர்ஸம்மா வருது.

– நம்மளயா கூப்பிடுது?

– ரூத்து வூட்டுக்காரரு யாருன்னு கேக்குதுடா, கைய தூக்கு. இவருதாம்மா. ஆ, ஆ, சரிம்மா. டேய், பொண்ணாம். ரெண்டு பேரும் நல்லா கீறாங்களாம். இன்னாடா செவுடன் மாதிரி நிக்கிற? பொண்ணுடா.

– பொண்ணா?

– பொண்ணுதான். மோசஸு சீனியரும் இல்ல, ஜூனியரும் இல்ல. பஞ்சாயத்தே முடிஞ்சிபோச்சு. அழாத. சிரிக்கிறியா அழுவுறியா, ஒண்ணு பண்ணு. தோ, மாடிப்படில உங்க நைனா.

– நைனா, எங்க போன? பொண்ணு பொறந்துடுச்சு நைனா.

– ஸ்தோத்திரம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கீழயே சொன்னாங்கப்பா. தம்பி உவைஸு, எப்ப வந்தீங்க? கொஞ்சம் மூச்சு வாங்குது, இருங்க.

– உக்காருங்க அங்கிள். கையில இன்னா சுத்தியல்?

– வூட்டுக்குப் போயிட்டுத்தான் வரேன். அவசரத்துல இதக் கையோட எடுத்தாந்துட்டேன். ஹால்ல சிலுவைக்குப் பக்கத்துல ஒரு ஆணி அடிக்க வேண்டியிருந்துது.

– ஆணியா? இன்னிக்கா நைனா?

– இன்னிக்குத்தான். ரூத்த ஸ்ட்ரெச்சர்ல கொண்டுபோவும்போது காதுல ஒரு கேள்வி கேட்டேன். சரி மாமான்னு சொல்லிச்சு. அப்பால எனக்கு இங்க நிக்க முடியல.

– அதான் அழுதுகினே சிரிச்சுதா? வலின்னு நெனச்சேன்.

– அந்த ஹன்னாம்மாவத்தான் மொதல்ல கேட்டேன். மருமவளோட அம்மா பேரு வேதத்துல இல்லியே, பொண்ணு பொறந்தா வெக்கலாமான்னு. எங்கள ஏன்யா கேக்குற, அவங்க பொண்ணக் கேளுன்னு எழுதிட்டாங்க. மைனஸ் வேற.

– அங்கிள், திரும்புங்க. ஆன்ட்டி கொழந்தைய எடுத்தாறாங்க. மொதல்ல நீங்க வாங்குங்க.

– குடும்மா. மெள்ள, மெள்ள. தலையப் புடிச்சுக்கறேன். ஸ்டான்லி, கிட்ட வாப்பா. சந்திரம்மா, கொஞ்சம் கண்ணத் தொறந்து பாருங்கம்மா. உங்க அப்பா நிக்கிறாரு.