பீடிக்குப் பொடியை ஈடு வைத்த பெருந்தகை

கரும்பலகையைக் கழனியாக்கிக் கணக்கை விளைவித்த கண்ணியமிக்கவரே! கல்வராயன் மலைக் குளிருக்கும் கலங்காத கம்பளிச் சால்வையரே! இன்று ஓய்வு பெறும் எம் பள்ளியின் அன்பு ஆசான் திரு. கொளஞ்சியப்பனாரே! வணக்கம்!

தங்கள் இருபத்தாறு ஆண்டுப் பெருமைகளைப் பட்டியலிட்டால் பாயசம் ஆறிவிடும். ஆகவே சென்ற செப்டம்பரில் நடந்த ஒன்றை மட்டும், தாங்கள் நாற்காலியில் நெளிந்தாலும் சரி, சபையறியச் சொல்லிவிடுகிறோம். எங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல் 'ஐயா' என்றே சொல்லிப்போகிறோம்.

விடுதிக்குப் பின்னால் பத்தாம் வகுப்பு மாணவர் நால்வர் பீடியும் கையுமாகப் பிடிபட்டனர். கொதித்துப்போன தலைமையாசிரியர் நால்வருக்கும் மாற்றுச் சான்றிதழ் எழுதிவிட்டார், கையெழுத்துதான் பாக்கி. அது விழுந்தால் அரசுத் தேர்வும் போச்சு, பிள்ளைகள் பிழைப்பும் போச்சு. ஒரு வாரம் கொடுங்கள், நிறுத்தவைக்கிறேன் என்று ஐயா குறுக்கே விழுந்தார்.

நால்வரையும் நிற்கவைத்து நுரையீரல், நோய், நாசம் என்று ஒரு மணி நேரம் முழங்கினார். நடுநடுவே வழக்கம்போல் பொடிமட்டையைத் திறந்து ஒரு சிட்டிகை மூக்குப்பொடியும் போட்டுக்கொண்டார். நால்வரில் ஒருவனான சின்னதுரை மெல்லக் கேட்டான்:

"எங்களுக்கு பீடி ஆவாது, உங்களுக்கு மட்டும் பொடி ஆவுமா சார்?"

ஐயா ரோஷக்காரர் அல்லவா! "நீங்க வுடுங்கடா, நானும் வுடுறேன்" என்று பொடிமட்டையை ஜன்னல் வழியே வீசினார். முப்பதாண்டுப் பழக்கம் என்பது வீசிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாளே அடிவாரமெங்கும் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே சாய்ந்தன, பஸ் நின்றது, பீடியோ பொடியோ மலையேற வழியில்லை. பையன்களுக்கும் கிடைக்காது என்பதே ஐயாவுக்கு ஒரே ஆறுதல். அப்பப்பா, அவர் பட்ட பாடு! வருகைப் பதிவேட்டில் தமக்கே 'வரவில்லை' போட்டார். சமையல்கார இருசம்மாளைத் தலைமையாசிரியர் என்றெண்ணி விடுப்பு கேட்டார். அந்த அம்மாளும் தாராளமாகக் கொடுத்துவிட்டார்.

எட்டாம் நாள் முதல் பஸ் வந்தது. மாதாமாதம் தியாகதுருகத்திலிருந்து வரும் பொடிப் பொட்டலமும் வந்தது. கண்டக்டர் நீட்டியதை ஐயா கைநீட்டி வாங்கினார். நான்கு பையன்களும் அந்தக் கையையே பார்த்து நின்றனர். ஐயா நேரே சமையற்கூடம் போனார், பொட்டலத்தை அடுப்பில் போட்டார். விடுதியே தும்மிற்று! சான்றிதழ்களோடு வந்த தலைமையாசிரியர் தும்மிய தும்மலில் அவர் மூக்குக்கண்ணாடி சாம்பாரில் விழுந்தது. முன்வரிசையில் இருக்கும் அவர் எங்களை மன்னிப்பாராக.

அப்போது சின்னதுரை கூரைச் சந்திலிருந்து பிரிக்காத பீடிக்கட்டு ஒன்றை எடுத்துவந்து நீட்டினான்.

"இத்தையும் போட்டுடுங்க சார். மொதல் நாள்லேர்ந்து இருக்குது. நீங்க பொடி போடுறீங்களா, அப்புறம் பிரிக்கலாம்னு பாத்துகினு இருந்தோம்."

ஐயா அதையும் அடுப்பில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு புகையின்மேல் பழிபோட்டார். சான்றிதழ்கள் நான்கும் அதே அடுப்புக்குப் போயின. நால்வரும் மார்ச்சில் தேர்வெழுதினர்.

பெருந்தகையே! பிள்ளைகளைத் திருத்தத் தம்மைத் திருத்திக்கொண்ட ஒருவரோடு வேலை பார்த்தோம் என்று நாங்கள் எங்கும் மார்தட்டுவோம். துணைவியார் பச்சையம்மாளுடன் திருக்கோவிலூரில், தென்பெண்ணைக் காற்றை நெஞ்சார இழுத்து, நூறாண்டு நலமே வாழ்க!

தங்களைப் பிரிய மனமில்லாத,
ஆசிரியர்கள், அலுவலர்கள், சமையற்கூடத்தார்.
கரியாலூர், 31.5.1988