நாலு வரிக்கு ஒரு முற்றும்

— நம்ம கம்ப்யூட்டர் மொழியில திரும்பத் திரும்ப ஓடுற சுற்று முடியுற இடத்துல 'முற்றும்'னு எழுத வேண்டாம்னு இருநூத்திப் பத்து பேர் எழுதியிருக்காங்க. வேணும்னு ஒரே ஒருத்தர். இன்னும் என்னக்கா யோசனை? தூக்கிட்டு வெளியிட்டுருவோம்.

— அந்த ஒருத்தர் செவ்வாய்க்கிழமைக்காரர்தானே?

— அவரேதான். வாரத்துல ஒரு நாள், மூணு மணிக்கு வருவாரு, நாலுக்குள்ள குறை சொல்லிட்டுக் காணாமப் போயிருவாரு.

— சும்மா சொல்லக்கூடாதுடா, அவர் சொன்ன குறை ஒண்ணுகூடத் தப்பில்ல. ஆனா இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூணு வருஷமா இழைச்சு இழைச்சுச் செஞ்சது. உள்ள அடங்குற வரியைக் கொஞ்சம் தள்ளி எழுதினாலே சுற்று எங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியுது. அப்புறம் எதுக்கு நாலு வரிக்கு ஒரு முற்றும், சினிமா மாதிரி?

— இன்னிக்குப் படம் ஒண்ணு அனுப்பியிருக்காரு.

— நோட்டுத் தாளா இது? பென்சில்ல எழுதியிருக்கு. நம்ம மொழிதான்டா.

— கூடவே ஒரு கடிதம். கேளு. "எங்களுக்குக் கம்ப்யூட்டர் வாரத்தில் ஒரு மணி நேரம்தான். மற்ற நாளில் நாங்களே ஓட்டிப் பார்க்கிறோம்."

— நாங்களேன்னா?

— "ஒருவர் வரிவரியாகச் சத்தமாக வாசிப்பார். மொத்தத்தை ஞாபகம் வைக்க ஒருவர். எத்தனை சுற்று என்று விரல் மடக்க ஒருவர். சுற்று தொடங்கினால் அவர் எழுந்து நிற்பார், முற்றும் என்று கேட்டால் உட்காருவார்."

— மனுஷங்களை வச்சே ஓட்டுறாங்களா? அடேயப்பா.

— "சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்குத் தாள் தெரியாது, குரல்தான். தள்ளி எழுதியது காதில் விழாது."

— ஹாஸ்டல் போலிருக்கு. நான் கண்ணை மட்டும் நெனச்சுத்தான் இதைச் செஞ்சேன்.

— இன்னும் இருக்கு. "போன வாரம் நீங்கள் சொன்னபடி முற்றும் இல்லாமல் ஓட்டினோம். விடை வந்ததும் நாங்கள் ஓய்ந்துவிட்டோம். விரல் மடக்கிய அந்தப் பக்கத்து அண்ணன் மட்டும், யாரும் உட்காரச் சொல்லவில்லையே என்று நின்றுகொண்டே இருந்திருக்கிறார்."

— ஐயோ பாவம். எவ்வளவு நேரம்?

— அதைச் சொல்லலக்கா.

— போதும்டா. முற்றும் இருக்கட்டும்.

— இருநூத்திப் பத்து பேர் சண்டைக்கு வருவாங்க.

— வரட்டும், நான் பேசிக்கிறேன். முதல்ல இவருக்கு நன்றி எழுதணும். கீழ பேர் போட்டிருக்காரா பாரு.

— பேரே இல்லக்கா. கைதி எண்தான் இருக்கு. வரிசையா, பதினேழு பேரோடது.