நண்டுத் தொப்பி

நண்டு கட்லட் என்றால் எனக்கு உயிர், ஐயா. பால்டிமோரில் பிறந்துவிட்டு வேறு எப்படி இருக்க முடியும்? எங்கள் ஆய்வுக்கூடத்தில் அது ஓசியிலேயே கிடைக்கும். அந்தப் புண்ணியம் என்னுடையது.

விண்வெளித் தொலைநோக்கி பார்க்கும் நட்சத்திரம் ஒன்று சீரான இடைவெளியில் துளி மங்கினால், குறுக்கே ஒரு கோள் போகிறது என்று பொருள். எங்கள் ஆட்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று சோதிக்க, பொய் மங்கல்கள் சிலவற்றைப் பதிவுகளின் ஊடே கலந்து வைப்பது என் வேலை. எவை பொய் என்ற பட்டியல் என்னிடம் மட்டும்தான் இருக்கும். ஏமாந்தவர் அன்று முழுக்கச் சிவப்பு நண்டுத் தொப்பியோடு திரிந்து, எல்லோருக்கும் கட்லட் வாங்கித் தர வேண்டும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

ரொவீனாவின் வேலை ஜூனோடு முடிவதாக இருந்தது. ஒரு நிஜக் கோள் கிடைத்தால் அவள் தொடரலாம். மே மாதம் ஒருநாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தாள்.

"கார்வின், இங்க பாருப்பா. நாப்பத்தோரு நாளைக்கு ஒரு தடவ மங்குது. தண்ணி உறையாம, ஆவியாகாம நிக்கிற தூரம்."

வழியில் காவலாளியைக்கூடக் கட்டிப்பிடித்தாளாம். எனக்கும் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. பதினோரு வருடமாக நான் தேடியது அல்லவா.

"அய்யோ பாவம், அது நான் வெச்சது ரொவீனா," என்றேன்.

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். தொப்பியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். மனம் நொந்தவள் அப்படியா சிரிப்பாள்? அன்று நான் நாலு கட்லட் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து, அந்த நட்சத்திரத்தைப் பட்டியலில் சேர்த்தேன்.

ஜூனில் அவள் தொப்பியை ஞாபகத்துக்கென்று எடுத்துக்கொண்டு போனாள். இப்போது ஒஹையோவில் காப்பீடு விற்கிறாள். குளிர்காலம் வந்ததும் பட்டியலிலிருந்து அந்த வரியை அழித்தேன், அதே கோளைக் கண்டுபிடித்தேன். கூடமே ஆடியது. நான் நாற்காலி மேல் ஏறி ஆடினேன்.

விசாரிக்க வந்த நீங்கள், பட்டியலை இரண்டு முறை திருத்தியது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். அந்த உலகம் நிஜம் என்று அன்றே எனக்குத் தெரியும். அதை அவள்தான் கண்டாள்.

அவள் புகார் கொடுத்திருப்பாள் என்கிறீர்களே, அது மட்டும் இருக்காது. நேற்று தபாலில் அந்தத் தொப்பியை எனக்கு அனுப்பியிருக்கிறாள். கடிதம் எதுவும் இல்லை. மாட்டிப் பார்த்தேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. வாழ்த்து சொல்லத்தான் அனுப்பியிருக்கிறாள், அவளுக்கு எப்போதுமே பெரிய மனசு.