சோத்தாங்கைத் துகள்

"கட்டுரையில என் பேர முதல்ல போடுங்க சார்" என்று கேட்டேன். இவ்வளவுதான் நான் கேட்டது. வேம்பு சாரிடம் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஸ்ரீலக்ஷ்மி முன்பே சொல்லியிருந்தாள். அவளும் அடையாற்றில் அவரிடம்தான் ஆராய்ச்சி செய்கிறாள்.

வேலை என்னவென்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தும், வலது செருப்பு இடது காலுக்குச் சேராத மாதிரி இரண்டு வகைத் துகள்கள் உண்டு. தூசியைவிடப் பொடி. வலப்பக்கம் முறுக்கிய லேசர் ஒளியை விட்டால் ஒரு வகை சிக்கி நிற்கும், மற்றது நழுவிவிடும். சிக்குவது சோத்தாங்கை, நழுவுவது பீச்சாங்கை. நான் வைத்த பெயர்கள்.

ஒருநாள் வாய்தவறி அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். சார் சிரித்தார். "என்னம்மா அஸ்வினி, லேப்ல மீன் மார்க்கெட் பாஷை பேசிண்டிருக்கே?"

என் அம்மா கெங்கம்மா சாந்தோமில் மீன் விற்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னபோது, "இன்னாடி, அந்தாளு எந்தக் கையால துன்றாராம்?" என்றாள்.

பெயரைக் கேட்டபோதும் அதே சிரிப்புதான். "ஸ்ரீலக்ஷ்மிதானே டைப் பண்ணி ஃப்ளாப்பில போட்டுக் குடுத்தா. உனக்குக் கடைசில நன்றி போட்டுடலாம்."

நன்றிக்கு யாரும் பட்டம் தருவதில்லை. பட்டம் இல்லையென்றால் எனக்கு அம்மாவின் கூடைதான். கெஞ்சினேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு எழுந்தார். துகளைத் தன் கண்ணால் பார்க்க மறுநாள் வருவதாகச் சொன்னார்.

அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் நாம் கண் வைக்கும் இடத்துக்கு முன்னால் அதைத் தடுக்க ஒரு கண்ணாடி இருக்கும். கழற்றித் துடைப்பது என் வேலை. அன்று திரும்ப மாட்டவில்லை. வேறு ஒன்றும் செய்யவில்லை.

சார் வந்தார். ஸ்ரீலக்ஷ்மியும் கூட வந்தாள். அவர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "நீ மொதல்ல பாரும்மா. மொதப் பேர் உன்னோடதாச்சே."

அவள் என்னைப் பார்த்தாள். "கோச்சுக்காதேடி. நீ பாக்கறியா மொதல்ல?"

எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை. "பரவால்ல, நீயே பாரு" என்றேன்.

அவளுடைய அந்தக் கண்ணுக்கு இனி பார்வை வராது என்று சற்றுமுன் சொன்னீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றும்போதே நான் கதவைத் திறந்து வெளியே நடந்துவிட்டேன். அவள் குனிந்தபோது நான் அந்த அறையிலேயே இல்லை. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.